மூன்று கோடுகள்

என் உள்ளங்கை அகலம்தான் இந்தப் பெட்டி.
மின்மாற்றியின் விலாவில்
நான்கு போல்ட்டுகளால் முடுக்கியிருந்தார்கள்.
கிரேன் அவசரப்பட்டால் எழுதிவைக்கும்.
அலை முரடாகத் தொட்டால் எழுதிவைக்கும்.
முப்பத்தொரு நாள் விழித்திருந்து சேர்த்த கணக்கை
இன்று காலை மெஹியோனெஸ் துறையில்
என் மடிக்கணினியில் கொட்டியது.

ரியேகாவில் ஏற்றியபோது சின்னச் சின்ன முட்கள்.
ஜிப்ரால்டர் தாண்டியதும் இரண்டு நாள் புயல்.
இருபத்திரண்டு பாகை சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்திருக்கிறது கப்பல்.
சமையல்காரர் அழுதாராம்.
திரையில் அது மலைத்தொடர்போல் அழகாயிருக்கிறது.
பனாமா மதகில் ஓர் உரசல்.
எல்லாம் எல்லைக்குள்.

பதினான்காம் இரவு மட்டும்
ஒன்று பன்னிரண்டுக்கு
மூன்று கோடுகள்,
ஊசி ஊசியாக, ஒன்றையொன்று ஒட்டி,
மூன்றும் சிவப்பைத் தாண்டி.

கப்பலின் பதிவேட்டைப் புரட்டினேன்:
கடல் அமைதி. காற்று லேசு. குறிப்பிட ஒன்றுமில்லை.

ஹாம்பர்க் காப்பீட்டுக்காரர் போனில் மூச்சுவிட மறந்தார்.
உள்ளே சுருள் ஒரு நூல் நகர்ந்திருந்தாலும்
நூற்றெண்பத்தாறு டன்னும் வந்த வழியே திரும்ப வேண்டும்.
மேலே பாலைவனத்தில் செப்புச் சுரங்கம் காத்திருக்கிறது.
கரையில் இருபது அச்சு டிரெய்லர்
நின்ற இடத்திலேயே வாடகை தின்கிறது.
"காரணம் என்ன, செஞோரா ஒயார்சூன்?
காரணம் இல்லாமல் கையெழுத்து இல்லை."

டார்ச்சோடு கப்பலின் வயிற்றுக்குள் இறங்கினேன்.
ஒரு மரக்கட்டையும் நகரவில்லை.
தளத்தில் பற்றவைத்த நிறுத்திகளில்
மயிரிழை விரிசல்கூட இல்லை.
சங்கிலிகள் வீணை நரம்பாக விறைத்திருந்தன.
பெட்டி இருந்த இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி,
தோள் உயரத்தில்,
சாம்பல் வண்ணம் பெயர்ந்து
காசு அளவில் மூன்று தழும்புகள்.

கடல் ஸ்பானர் பிடிக்காது.

பிறகுதான் உறைத்தது:
பெட்டியின் கடிகாரம் கிரீன்விச் நேரம்.
கப்பலில் அப்போது இரவு பத்து மணி சொச்சம்.
யாரோ விழித்திருந்த நேரம்.

போசன் அதெரிட்டோ கை துடைத்துக்கொண்டே வந்தார்.
கேப் வெர்டேக்காரர்.
என் ஸ்பானிஷும் அவருடைய போர்த்துகீசும்
பாதி வழியில் சந்தித்துக்கொண்டன.
தழும்பைக் காட்டினேன்.
காது நுனிவரை சிவந்தார்.

"புயலில் தளர்ந்த சங்கிலிகளை முடுக்கிக்கொண்டிருந்தேன்.
இரண்டாம் அதிகாரி மேலே மூடி வாயிலிருந்து கத்தினார்,
மிண்டேலோவிலிருந்து செய்தி, பெண் குழந்தை என்று.
இதற்கு முன் இரண்டு கலைந்துவிட்டன, மேடம்.
கீழே என்னோடு ஒருவரும் இல்லை.
பக்கத்தில் நின்றது இது ஒன்றுதான்."

மூன்று முறையா?

"ஒன்று அவளுக்கு.
ஒன்று அவள் அம்மாவுக்கு."

மூன்றாவது?

நெடுநேரம் யோசித்தார்.
"கை நிற்கவில்லை."
அப்புறம், ஏதோ இயந்திரத்தின் தரத்துக்குச் சான்று தருபவர்போல:
"உள்ளே எண்ணெய் இல்லையல்லவா, மேடம்,
நைட்ரஜன்தானே. நன்றாக ஒலித்தது."

மாலைவரை சோதித்தோம்.
சுருள் சரி. அழுத்தம் சரி.
யானையைக் கொசு கடித்த கதை.
படிவத்தில் காரணத்துக்கு நான்கு கட்டங்கள்:
வானிலை, கையாளுதல், மோதல், மற்றவை.
மற்றவையில் குறியிட்டு எழுதினேன்:
பணியாளரின் கருவி பட்டது. உள்சேதம் இல்லை.
ஹாம்பர்க் கேட்காததால்
மூன்று கிலோ நூறு கிராம் என்பதை எழுதவில்லை.

வண்ணக்காரப் பையன் தூரிகையோடு வந்து நின்றான்.
மூடிவிடவா?
மூடு, துரு ஏறும்.
சற்றுப் பொறு.

பெட்டியைக் கழற்றியாயிற்று,
இனி எதுவும் பதியாது.
விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினேன்.

அவர் சொன்னது சரிதான்.